கிரேசி சார்லியின் கண்

ஒரு தூண்டில் முள், சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு உலோக மணி, கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு கற்றை வெள்ளை முடி. ‘கிரேசி சார்லி’ இவ்வளவுதான். வெப்பமண்டலக் கடலில் ஃப்ளை ஃபிஷிங் முறையில், அதாவது முடியும் இறகும் கட்டிய பொய் இரையை வீசி, போன்ஃபிஷ் பிடிக்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் எடுத்துப்போகிறார்கள். எனக்குப் பகலில் கோட் எழுதும் வேலை. இரவில் எதையாவது தோண்டிக்கொண்டிருப்பது பழக்கம். யாரப்பா இந்தச் சார்லி என்று தேடப் போய்த்தான் பஹாமாஸ் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

முதலில் மீனைப் பற்றி. போன்ஃபிஷ் பெயரிலேயே எலும்பை வைத்திருக்கிறது. சதை முழுக்க மெல்லிய முள். உள்ளூரில் சமைத்துச் சாப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருவதோ பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதற்காக. நீர் ஏறும்போது இந்த மீன் முழங்கால் அளவுத் தண்ணீருள்ள மணல்திட்டுகளுக்கு வந்து, மண்ணில் மூக்கை விட்டு நண்டும் இறாலும் தேடும். பக்கவாட்டுச் செதில்கள் கண்ணாடி மாதிரி. மணல் மேல் மணலாகவும் புல் மேல் புல்லாகவும் தெரியும். பல நேரம் முதலில் கண்ணில் படுவது மீன் இல்லை, அடியில் ஓடும் அதன் நிழல்.

ஆகவே இங்கே தூண்டில் வீசுவது இரண்டாவது வேலை. முதல் வேலை பார்ப்பது. படகின் பின்மேடையில் நீண்ட கழியோடு நிற்கும் வழிகாட்டிதான் அதைச் செய்கிறார். முன்னால் நிற்கும் விருந்தாளிக்கு அவர் கடிகாரக் கணக்கில் சொல்வார். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. “பதினோரு மணி, அறுபது அடி” என்றால், இடப்பக்கம் சற்றே திரும்பி அந்தத் தூரத்தில் வீச வேண்டும். விருந்தாளிக்கு அங்கே வெறும் தண்ணீர்தான் தெரியும். தெரியாத மீனுக்கு, இன்னொருவர் கண்ணை நம்பி வீசுகிறார்.

ஆனால் வரலாறு எழுதப்படும்போது வீசியவர் பெயர்தான் முன்னால் வருகிறது. 1947இல் ஃபுளோரிடாவின் இஸ்லமொராடாவில் ஜோ புரூக்ஸ் ஃப்ளையால் போன்ஃபிஷ் பிடித்ததை இந்த விளையாட்டின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அன்று வழிகாட்டியாக இருந்தவர் ஜிம்மி ஆல்பிரைட். அவர் மனைவி ஃபிராங்கியும், ஃபிராங்கியின் சகோதரிகள் பானி ஸ்மித், பியூலா காஸ் இருவரும்கூட அதே ஊரில் வழிகாட்டிகள். மீன்பிடி உலகத்துக்கு வெளியே இவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி பஹாமாஸ். அதன் மிகப்பெரிய தீவு ஆண்ட்ரோஸ். அங்கே ஒரு காலத்தில் கடற்பஞ்சு எடுப்பதுதான் பிழைப்பு. அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதன் வழியே தரையைப் பார்த்து, நீண்ட கழியின் நுனிக் கொக்கியால் பஞ்சைப் பிய்த்து எடுப்பார்கள். 1938 இறுதியில் பரவிய ஒரு நோய் பஞ்சில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. தொழில் படுத்தது. ஆனால் நீருக்கடியைப் படிக்கப் பழகிய கண் ஒரே தலைமுறையில் மறைந்துவிடாது. ஆண்ட்ரோஸ் வழிகாட்டிகளின் திறமை சுற்றுலாவுக்காகப் புதிதாக முளைத்தது இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தத் தீவின் வழிகாட்டிதான் சார்லி ஸ்மித். 1977இல் பாப் நாவ்ஹைம் என்ற கலிஃபோர்னியக்காரர் அவரோடு மீன் பிடித்தார். சின்னக் கண்ணாடி மீனைப் போலிருக்கும் ஒரு பொய் இரை அந்தப் பயணத்தில் பிறந்தது. மணிகளின் எடையால் முள் தலைகீழாகத் திரும்பி, கூர்முனை மேலே பார்த்தபடி போகும். அதனால் தரையில் மாட்டாது. நாவ்ஹைம் அதற்கு ‘நாஸ்டி சார்லி’ என்று பெயர் வைத்தார். ஆர்விஸ் நிறுவனத்தின் லீ பெர்கின்ஸ் அதை ‘கிரேசி சார்லி’ ஆக்கினார். பெயர் உலகம் சுற்றியது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரி கோடுக்கும் எழுதியவர் பெயர் பதிவாகும். பிரச்சினை எங்கே என்று விரலை வைத்துக் காட்டியவர் பெயர் அதில் வராது. அந்தக் கணக்கில் சார்லி அதிர்ஷ்டசாலி, பெயராவது மிஞ்சியது. ஆனால் பைத்தியம் என்ற அடைமொழியோடு, ஒரு சரக்கின் பெயராக.

அடுத்த அத்தியாயம் அவர் மகன் ப்ரெஸ்காட் ஸ்மித்துடையது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, இந்தத் திட்டு மீன்பிடிப்பு பஹாமாஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர் கொண்டுவருவதாகக் கணக்கிட்டது. இந்தப் பணம் யாரிடம் தங்குகிறது? வழிகாட்டிகளின் சங்கத் தலைவராக ப்ரெஸ்காட் எழுப்பிய கேள்வி இதுதான். சட்டம் வேண்டும் என்றார். கெடுபிடி வைத்தால் விருந்தாளிகள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பஹாமாஸ் விடுதிக்காரர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு இருந்தது. கடைசியில் 2017 ஜனவரியில் விதிகள் வந்தன. திட்டுகளில் மீன் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று ஆயிற்று.

அந்தக் கண்ணின் மதிப்பு சுற்றுலாவோடு நிற்கவில்லை. போன்ஃபிஷ் முட்டையிடுவது திட்டுகளில் இல்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆயிரக்கணக்கில் கூடி, மேலே வந்து காற்றை விழுங்கி, இருட்டியதும் ஆழ்கடலுக்கு இறங்கிவிடும். ஆண்ட்ரோஸில் கருவி பொருத்திய மீன்கள் 130 மீட்டருக்கும் கீழே போயிருக்கின்றன. எங்கே கூடுகின்றன என்று விஞ்ஞானிகள் தேடத் தொடங்கியபோது கேட்டது வழிகாட்டிகளைத்தான். அபாகோ தீவின் க்ராஸ் ஹார்பர் அப்படி உறுதியான ஓர் இடம். 2015இல் அது தேசியப் பூங்காவானது.

பிடித்து விடுவதிலும் அவர் கண் வேண்டும். எலூத்தெரா தீவில் நடந்த ஆய்வில், விடும்போது நிலை தடுமாறிய போன்ஃபிஷ், தடுமாறாததைவிட ஆறு மடங்குக்கும் மேல் வேட்டையாடிகளிடம் சிக்கியது. ஆகவே நல்ல வழிகாட்டி ஃபோட்டோ போதும் என்பார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருப்பார். அது தானாக நிமிர்ந்து நிற்கும்வரை விடமாட்டார், சுற்றிலும் சுறா நிழல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே.