மொட்டை டயருக்கு மறுபிறவி

சென்ற வாரம் பெரம்பூர் செம்பியத்தில் ஹுசூர் கார்டன் வளாகத்தைச் சுற்றி வந்தோம். சிம்சன் இன்ஜின்களும் இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன்களும் உருவான இடம் அது. இந்த வாரம் அங்கிருந்து கடலைப் பார்த்துப் போவோம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை தாண்டினால் திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உள்ள அதே ஊரில், 1946-ல் ஒரு கொட்டகை போட்டு, குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. அப்போது அவருக்கு 23 வயது. அந்தக் கொட்டகைக்கு அவர் வைத்த பெயர் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி.

எம்.ஆர்.எஃப். கதை நமக்கு ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறது. பலூன் விற்றவர் டயர் கம்பெனி முதலாளி ஆனார், பங்கு விலை லட்சத்தைத் தொட்டது, அவ்வளவுதான். பலூனுக்கும் டயருக்கும் நடுவில் உள்ள ஆண்டுகளை எல்லோரும் தாவிப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டுகளில்தான் இந்த நிறுவனத்தின் அஸ்திவாரம் இருக்கிறது என்பது என் எண்ணம். அப்போது அது புது வண்டிக்கு எதையும் செய்து தரவில்லை. ஓடித் தேய்ந்து மொட்டையான பழைய டயருக்கு மறுபடி பட்டன் போடுகிற ட்ரெட் ரப்பரைச் செய்து விற்றது. பழைய வண்டிக்காரர்களை நம்பிப் பிழைத்த தொழில் அது.

அதற்கு முன்னால் நடந்த ஒரு வீழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

மாம்மன் மாப்பிள்ளையின் தந்தை கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, 'மலையாள மனோரமா'வின் ஆசிரியர். திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியின் தலைவரும் அவரே. இரண்டு வங்கிகளை இணைத்து 1937-ல் உருவான அந்த வங்கி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று. இணைந்த மறு ஆண்டே, 1938 ஜூனில், கேட்டவர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கதவை மூடியது. அது பொறுப்பாட்சி கேட்டு ஸ்டேட் காங்கிரஸ் திருவிதாங்கூரில் போராடிய காலம். 'மனோரமா' அந்தப் பக்கம் நின்றது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் எதிர்ப்பக்கம். அதே ஆண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். ஆசிரியர் கைதாகிச் சிறைக்குப் போனார். 1941-ல்தான் வெளியே வந்தார்.

வங்கி விழுந்ததற்கு அரசியல் பகைதான் காரணம் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்வது. திவானின் தரப்பு அப்படி ஒப்புக்கொண்டதில்லை. எது எப்படியானாலும், சேமிப்பை அங்கே போட்டுவிட்டு வாசலில் நின்றவர்களின் இழப்பு இழப்புதான். 1935-ல் தொடங்கிய ரிசர்வ் வங்கி சந்தித்த முதல் பெரிய வங்கி முறிவு என்பதால், இந்திய வங்கி வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் இதைத் தொடாமல் போவதில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளை ஒரே ஆண்டில் ஒன்றுமில்லாதவர் ஆனார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த நாட்களில் தாம்பரத்தில் செயின்ட் தாமஸ் ஹாலில் தரையில் படுத்து உறங்கினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. படிப்பு முடிந்து, கல்யாணமும் ஆகி, கையில் முதல் என்று சொல்ல எதுவும் இல்லாமல்தான் திருவொற்றியூருக்கு வந்தார். மனைவி குஞ்ஞம்மா கூடவே இருந்து வேலை செய்தார். செய்த பலூன்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சென்னைத் தெருக்களில் கடை கடையாக விற்றவரும் மாப்பிள்ளைதான். 1949-ல் தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில் முதல் அலுவலகம் வந்தது. ரப்பர் பொம்மை, கையுறை என்று சரக்கும் கூடியது. பிழைப்பு ஓடியது. பெரிய தொழில் என்று சொல்ல முடியாது.

1952-ல் திருப்பம் வந்தது. உறவினர் ஒருவர் நடத்திய ரீட்ரெடிங் பட்டறைக்கு ட்ரெட் ரப்பர் கொடுப்பது ஒரு வெளிநாட்டு நிறுவனம் என்பதை மாப்பிள்ளை கவனித்தார். ரப்பர் விளைவதோ கேரளத்தில், அவர் பிறந்த மண்ணில். தேய்ந்த டயரோ நம் சாலையில். நடுவில் இருக்கும் ஒரு பட்டை ரப்பரை மட்டும் ஏன் வெளிநாட்டுக்காரனிடம் வாங்க வேண்டும்?

ரீட்ரெடிங் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். லாரி டயர் தேயும்போது முதலில் போவது தரையைத் தொடும் பட்டன்தான். உள்ளே நூல் இழைகளால் ஆன கூடு, பட்டறைக்காரர் மொழியில் கேசிங், இன்னும் நன்றாகவே இருக்கும். அந்தக் கூட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே கையை விட்டுத் தடவி, வெட்டு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். தேறினால் மேல்பரப்பை இயந்திரத்தில் உரசிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் பூசி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, அச்சுக்குள் வைத்து நீராவியில் வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் ரப்பரும் கந்தகமும் பிணைந்து, மெத்தென்று இருந்த பட்டை கெட்டியாகிப் பட்டனோடு வெளியே வரும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசிங்தான் இது. நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகைகளிலெல்லாம் எழுதியிருக்கும் அதே வல்கனைசிங்.

எல்லாம் அந்தப் பட்டையின் தரத்தில் இருக்கிறது. வேகாத ரப்பரை அதிக நாள் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் கந்தகம் மேலே வந்து வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்த ரப்பர் ஒட்டாது. ஒட்டாத பட்டை, பாரம் ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் போகும் லாரியில் பாதி வழியில் உரிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் நீளநீளமான ரப்பர் துண்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் உரிமையாளருக்கு அது ஒரு நடையின் லாபத்தையே தின்றுவிடும்.

திருவொற்றியூரில் செய்த ட்ரெட் ரப்பர் பூக்காத வகை. அடியில் ஒட்டுவதற்கென்றே பசையுள்ள மெல்லிய குஷன் அடுக்கோடு, எக்ஸ்ட்ரூடரில் பிதுக்கி எடுத்த சீரான பட்டையாக வந்தது. அப்போது இந்தியருக்குச் சொந்தமான ஆலைகளில் இந்த வகையைச் செய்தது இது ஒன்றுதான். 1956 முடிவதற்குள் நாட்டின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி எம்.ஆர்.எஃப். கையில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தச் சரக்கை இங்கே விற்பதையே விட்டுவிட்டன. நாலே ஆண்டுகள்! எதிரே நின்றவை சாதாரணக் கம்பெனிகள் அல்ல. 1936-லிருந்து ஹூக்ளிக்கரை சாஹாகஞ்சில் டன்லப் ஆலை நடத்தியது. பம்பாயில் ஃபயர்ஸ்டோன் இருந்தது. இந்திய டயர் சந்தையை அவர்கள்தான் ஆண்டார்கள்.

இந்த வெற்றியை ஒரு முதலாளியின் சாமர்த்தியம் என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது. ரப்பர் கலக்கும் மில்லை நினைத்துப் பாருங்கள். ஒன்றை நோக்கி ஒன்று வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். நடுவில் நசுங்கி வரும் சூடான ரப்பரைத் தொழிலாளி கத்தியால் வெட்டி, மடித்து, மறுபடி உள்ளே கொடுப்பார். கலக்கும் கார்பன் பிளாக் காற்றில் பறந்து மூக்கிலும் நகக்கண்ணிலும் ஏறும். கை சற்றுத் தவறினாலும் விரல் போய்விடும். ரப்பர் ஆலைகளில் தலைக்கு மேல் ஒரு கம்பி ஓடுவதே, ஆபத்தில் அதை இழுத்து மில்லை நிறுத்தத்தான். அந்தக் கைகளின் அனுபவம் இல்லாமல் சீரான பட்டை வராது.

ட்ரெட் ரப்பரில் சம்பாதித்த பெயரை வைத்து டயருக்கே போவது என்று 1960-ல் முடிவாயிற்று. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு டயர் அண்ட் ரப்பர் கம்பெனியோடு கூட்டு. 1961-ல் முதல் டயர் வெளியே வந்தது. அத்தோடு இரண்டாவது சோதனையும் தொடங்கியது.

மான்ஸ்ஃபீல்டு கொடுத்த தொழில்நுட்பம் நம் சாலைக்குப் பொருந்தவில்லை. நம் லாரி அனுமதித்த பாரத்துக்கு மேல்தான் ஏற்றும். சாலையில் மாட்டு வண்டித் தடம், பள்ளம், உருகும் தார். இந்தியக் கம்பெனியால் டயர் செய்ய முடியாது என்ற பேச்சைப் போட்டியாளர்கள் பரப்பவும் இது வசதியாயிற்று. சந்தைக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியேறியிருக்க வேண்டிய நிறுவனம். ஆனால் பத்து ஆண்டுகளாக ரீட்ரெடிங் பட்டறைகளோடு புழங்கியவர்களுக்கு, டயர் எப்படிச் சாகிறது என்பது தெரியும். எந்தப் பாரத்தில் கூடு வீங்கும், எந்தச் சூட்டில் பட்டை பிரியும் என்பதைச் செத்த டயர்களிடமிருந்தே கற்றவர்கள் அவர்கள். வெளிநாட்டு அறிவை அப்படியே நம்பாமல் சொந்தமாக ஆராய்ச்சி செய்யத் திருவொற்றியூரிலேயே ரப்பர் ஆராய்ச்சி மையம் அமைத்தார்கள். 1963-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு.

விளம்பரத்திலும் இதே வழிதான். டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் 'மசில்மேன்' 1964-ல் வந்தார். அதை உருவாக்கிய அலிக் பதம்சி, முதலில் லாரி டிரைவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். டயர் பலமாக இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். அந்தப் பதில்தான் படமாயிற்று. 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனமானது எம்.ஆர்.எஃப். பிறகு அரக்கோணம், கோட்டயம், கோவா என்று ஆலைகள் பெருகின. 1973-ல் நைலான் டயர் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் நாட்டின் முதல் இடம்.

குருவின் கதை வேறு மாதிரி முடிந்தது. ஒஹையோவில் மான்ஸ்ஃபீல்டின் ஆலை 1978-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கம்பெனி திவாலானது. இங்கே 1979-ல் நிறுவனத்தின் பெயர் எம்.ஆர்.எஃப். லிமிடெட் ஆனது. டன்லப் இன்னும் சோகம். 1959-ல் அம்பத்தூரில் ஆலை திறந்து, சென்னைக்கு வேலை கொடுத்து, கைமாறிக் கைமாறி நலிந்து, கடைசியில் 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிடும் நிலைக்கு வந்தது. டன்லப்பை வீழ்த்தியது போட்டி மட்டுமல்ல. வாங்கியவர்கள் ஆலையில் முதலீடு போட்டு ஓட்டத் தவறியதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

எம்.ஆர்.எஃப். வரலாற்றிலும் கறையாகச் சொல்லப்படும் பக்கங்கள் உண்டு. அரக்கோணம் ஆலையில் 2003-ல் தொடங்கிய தொழிற்சங்கம், தன்னை நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வரை போய் முறையிட்டது. டயர் விலையைக் கூடிப் பேசி உயர்த்தியதாக ஐந்து நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்த விவரம் 2022 பிப்ரவரியில் வெளியானது. அதில் எம்.ஆர்.எஃப். பங்கு 622.09 கோடி ரூபாய். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் விவகாரத்தை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. ஒற்றை லாரிக்காரரின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் என்பதால் இந்தக் குற்றச்சாட்டு எனக்கு உறுத்துகிறது. அதன் முடிவை அந்த லாரிக்காரர் சார்பில் நாம் கவனித்து வர வேண்டும்.

மாம்மன் மாப்பிள்ளைக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2003 மார்ச்சில் 80-ஆவது வயதில் காலமானார். 2023 ஜூன் 13 அன்று எம்.ஆர்.எஃப். பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச் சந்தையில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் டிரெய்லர்களின் சக்கரங்களில் இன்றும் ரீட்ரெட் செய்த டயர்களைப் பார்க்கலாம். அந்தத் தொழில் சாகவில்லை.

முதலாளியின் பிறந்த தேதி முதல் பங்கின் உச்ச விலை வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. 1950-களில் திருவொற்றியூர் மில்லில் ரப்பர் வெட்டி மடித்தவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நீங்கள் காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர்ப் பக்கம் வாழ்ந்துகொண்டிருப்பீர்கள். அப்பாவின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்கக் கூட்டத்தில் எடுத்த படம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நகல் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் அவற்றுக்கு இடம் உண்டு.

(அடுத்த வாரம்: அதே திருவொற்றியூரில் 1955-ல் வந்த என்ஃபீல்டு)