இல்லத்தில் பிறந்த கீர்த்தனைகள்

தமிழ்ப் பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் அரங்கேறிய கீர்த்தனைகளையும் கொண்டே எழுதிச் செல்கின்றனர். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலும், மணவீட்டுப் பந்தலிலும், புதுமனை புகுகையிலும், துக்க வீட்டு மாலை வேளையிலும் குடும்பத்தாரோ ஊர் உபதேசியாரோ எழுதிப் பாடிய பாடல்களுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. அவை ஒரு நாளைக்கென எழுதப்பட்டவை; அந்நாளோடு முடிந்தவை என்பது பொதுக் கருத்து.

தமிழ்க் கிறித்தவ இசையின் வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. இன்று ஆலயங்களில் மாட்சிமையுடன் ஒலிக்கும் கீர்த்தனைகளின் மரபு ஒரு காலத்தில் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மரபாகும். வீட்டிலும் வீதியிலும் விருந்திலும் வளர்ந்த பாட்டு, வாசலில் நெடுநாள் காத்திருந்த பின்னரே உள்ளே வந்தது. அந்த வாசலில் நடந்த வழக்கு இசையைப் பற்றியது மட்டுமன்று. எவருடைய மெட்டு எவருடைய வாயில் ஒலிக்கலாம் என்பதைப் பற்றியதுமாகும்.

குறிலும் நெடிலும்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும், அவருக்குப் பின் வந்த ஜெர்மானிய மிஷனரிமாரும் தம் நாட்டு ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கி, அந்நாட்டு இராகங்களிலேயே பாடுவித்தனர். இப்பணியில் தலையாயவர் 1711 முதல் 1791 வரை வாழ்ந்த பப்ரிசியஸ். வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பெயர்பெற்ற அவர் பெருந்தொகையான ஞானப்பாட்டுக்களையும் தமிழுக்குக் கொணர்ந்தார். பக்திச் சுவையிற் குறைவில்லாத அப்பாடல்கள் பல தலைமுறைகளைத் தாங்கி நின்றன.

ஆயினும் பிறமொழி இராகத்தில் தமிழ்ச் சொல்லைப் பொருத்துகையில் ஓர் இடர் எழுகிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து விழுமாயின் 'மனம்' என்பது 'மானம்' ஆகும். 'படம்' என்பது 'பாடம்' ஆகும். 'வழி' என்பது 'வாழி' ஆகும். ஏட்டிலே பிழையில்லாத அடி நாவிலே பிழையாகிவிடுகிறது. புத்தகம் பார்த்துப் பாடுவோர்க்கு இது பெரிதாகத் தோன்றாது. எழுத்தறியாமல் கேட்டே கற்கும் பாட்டிமார்க்கும் பிள்ளைகட்கும் அப்பிழையே பாட்டாகிவிடும். ஆகவே, வீட்டுக்குரிய பாட்டு தமிழின் சொந்த மெட்டில் பிறக்கவேண்டிய தேவை தொடக்கத்திலேயே இருந்தது.

தஞ்சையில் எழுந்த வழக்கு

அத்தேவையை நிறைவு செய்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த இவர், சிறுவராயிருந்தபோதே சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் அரவணைப்பில் கற்றவரே. 1864இல் மறையும் வரை சாஸ்திரியார் பாடிக்கொண்டே இருந்தார் எனலாம். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி என அவர் நூல்களின் பெயர்களே அவர் எங்கிருந்து மெட்டுக்களை எடுத்தார் என்பதைக் கூறும். குறத்தியின் பாட்டும், நொண்டியின் சிந்தும், ஏற்றம் இறைப்போன் பாட்டும், கும்மியடிக்கும் மகளிர் பாட்டும் அவர் கையில் சமயப் பாட்டாயின. கருநாடக இசையின் கீர்த்தனை வடிவத்தையும் அவர் முழுமையாகக் கையாண்டார்.

1820களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிமார் இவற்றை ஐயத்துடன் நோக்கினர். பழைய தலைமுறையினர் கண்டும் காணாமல் விட்ட வழக்கங்களை அவர்கள் களைய முற்பட்டனர். 1829ஆம் ஆண்டளவில் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் எழுப்பிய முறையீட்டில் நான்கு கொடுமைகள் எடுத்துரைக்கப்பட்டன. பழகிய தமிழ் வேதாகமத்தில் கைவைத்தல் ஒன்று. பல சாதியாரையும் கட்டாயப்படுத்தி ஒன்றாக்குதல் ஒன்று. மணம் போன்ற நாட்களில் மலரை விலக்குதல் ஒன்று. தமிழ் இசையைத் தடுத்தல் ஒன்று. மலரும் பாட்டும் இல்லாத மணவீடு தமிழருக்கு மணவீடாகுமா என்பது அம்முறையீட்டின் உள்ளுறையாகும். இப்பூசலில் சாஸ்திரியார் தம் சபைப் பணியை இழந்தார். சரபோசி மன்னரின் ஆதரவே அவரைத் தாங்கியது.

இம்முறையீட்டை இன்று படிப்போர் ஒரே மூச்சில் புகழவும் இயலாது, பழிக்கவும் இயலாது. பாட்டுக்காகவும் பூவுக்காகவும் வழக்காடிய அதே குரல், சபைக்குள் சாதி வேற்றுமை நிலைக்க வேண்டும் என்றும் வழக்காடியது. தமிழ் மரபு என்ற ஒரே சொல்லில் மெட்டும் அடங்கியது, தீண்டாமையும் அடங்கியது. எதிரணியிலோ, சாதியை விலக்கக் கூறிய நியாயமான குரல் பாட்டையும் சேர்த்து விலக்கியது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். தஞ்சை, வேப்பேரி சபைகளில் பலர் அதனை ஏற்காமல் விலகினர். சாதியை நீக்கி இசையைக் காப்பது எவ்வாறு என்ற வினா அன்று விடையின்றி நின்றது.

வீட்டுக்கேற்ற வடிவம்

தடை நீடிக்கவில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் உள்ளடக்கிய கீர்த்தனைத் தொகுதியை அச்சிட்டார். விலக்கப்பட்ட பாட்டு அதனை இயற்றியவர் வாழ்நாளிலேயே அச்சேறிச் சபைக்கு வந்தது. மக்கள் பாடுவதை நிறுத்தாத பாட்டை நெடுநாள் வெளியே வைத்திருக்க இயலாது என்பதற்கு இது சான்று.

கீர்த்தனையின் அமைப்பும் இதற்குத் துணை நின்றது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் பகுப்பில் பல்லவி ஒன்றே மீண்டும் மீண்டும் வரும். சரணத்தை அறிந்தவர் ஒருவர் இருந்தாற் போதும். பல்லவியை ஏனையோர் அனைவரும் ஏந்திக்கொள்வர். புத்தகம் வாங்க வகையற்ற வீட்டிலும், எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியிலும் குடும்ப ஜெபம் நடைபெற்றதற்கு இவ்வமைப்பு பெருங்காரணம்.

இதே காலத்தில் வேறு புலவரும் இத்துறைக்கு வளம் சேர்த்தனர். மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) 1878இல் சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தையும் இரட்சணிய மனோகரத்தையும் அளித்தார். தஞ்சையில் சித்த மருத்துவராய் விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) தாம் இயற்றிய கீர்த்தனைகளை 1907இல் நூலாக்கினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பேராய்வை வெளியிட்டார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கொள்கையை இசைத்துக் காட்டியோர் அவர்தம் மக்களே. வீட்டில் பயின்ற இசை நாடறிந்த அவையில் சான்றாக நின்ற நிகழ்ச்சி அது.

மெட்டும் வாழ்த்து மடலும்

பெரும்புலவர் வகுத்த இப்பாதையில் பெயர் அறியாப் பாவலர் பலர் நடந்தனர். ஊர்ப் பள்ளி ஆசிரியரும் உபதேசியாரும் இவர்களுள் முதன்மையானவர். அறுப்பின் பண்டிகை, ஆலயப் பிரதிஷ்டை நாள், கிறிஸ்மஸ் பஜனை, மகள் மணம், மூத்தோர் நினைவு நாள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பாட்டை வேண்டி நின்றது. புது மெட்டு அமைக்கும் பயிற்சி எல்லார்க்கும் இல்லை. ஆதலால் அனைவரும் அறிந்த கீர்த்தனை ஒன்றின் வர்ணமெட்டை எடுத்துக்கொண்டு, சொற்களை மட்டும் புதிதாக இட்டனர். தாளின் தலைப்பில் இராகமும் தாளமும், அல்லது 'இன்ன பாட்டின் மெட்டு' என்ற குறிப்பும் இருக்கும். அக்குறிப்பு ஒன்றே போதும். பந்தலில் இருந்தோர் அனைவரும் அக்கணமே பாடினர்.

மணவிழாவில் அச்சிட்டு வழங்கப்பட்ட வாழ்த்து மடல்களும் இவ்வகையினவே. மணமக்கள் பெயர் எதுகையில் அமைய, பெற்றோர் பெயர் சரணத்தில் வர, ஊர்ப்பெயர் ஈற்றடியில் நிற்க, வாழ்த்தி வணங்கும் உற்றாரின் பட்டியலோடு அவை முடியும். இலக்கணம் வல்லார் இவற்றில் தளை தட்டும் இடங்களைக் காட்டிச் சிரிக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் பெயர் செய்யுளில் ஏறும் நாள் அவள் வாழ்வில் அது ஒன்றே எனில், அம்மடல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டதன் பொருள் விளங்கும்.

இசைத்தட்டும் ஒலிநாடாவும்

ஒலிப்பதிவு இந்நிலையை மாற்றியது. 1902இல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கியபின் இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே கொள்ளும். ஐந்தாறு சரணமுள்ள கீர்த்தனை அதில் அடங்காது. சரணங்களைக் குறைத்தாலன்றி தட்டில் ஏற்ற இயலாது. மேலும் தட்டுப் பதிவு கம்பெனிக்கே உரியது, குடும்பத்துக்கு எட்டாதது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கையடக்க ஒலிநாடா, 1980களில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பரவலாக வந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் ஊர்தோறும் பதிவு நிலையமாயிற்று. 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் தாத்தாவின் கீர்த்தனை, மறுபக்கத்தில் பேரனின் மழலை. இடையே கோழி கூவும், பாத்திரம் விழும். இப்பதிவுகளில் இசைநயம் தேடுதல் வீண். ஆனால் ஒரு கீர்த்தனையை அவ்வூரார் எந்நடையில், எவ்விடத்தில் நீட்டி, எச்சொல்லை மாற்றிப் பாடினர் என்பதை எந்த அச்சுப் புத்தகமும் சொல்லாது, அந்நாடாவே சொல்லும்.

சபைப் பாடகர் குழுக்களும் தனிப்பாடகரும் நகரத்துப் பதிவு நிலையங்களில் பாடி ஒலிநாடா வெளியிடும் வழக்கமும் அப்பொழுதே பெருகியது. எளிய உபதேசியாரின் பாட்டு பல மாவட்டங்களைச் சென்றடைந்தது நன்மை. விளையாத நன்மையும் ஒன்றுண்டு. பதிவான குரல் ஒன்றே திருந்திய பாடமாகி, ஊருக்கூர் நிலவிய வேறுபாடுகள் மங்கின. மணவீட்டில் பாடியோர் மெல்லக் கேட்போர் ஆயினர்.

ஒரே உலை

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தஞ்சையில் விடையின்றி நின்ற வினாவை மதுரையில் ஒருவர் மீண்டும் எடுத்தார். அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை' என்ற பெயரால் மக்களிடையே அறியப்பட்டவர். கருநாடகக் கீர்த்தனை தமிழுக்கு உரியதேயாயினும், அதனைக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட தலித் மக்களுக்கு அது எவ்வாறு சொந்தப் பாட்டாகும் என அவர் வினவினார். நாட்டுப்புற மெட்டையும் பேச்சு வழக்கையும் கொண்டே வழிபாட்டு முறை ஒன்றை அமைத்தார். அனைவரும் ஒரே உலையில் பொங்கி உண்ணும் குடும்பமே அவர் கண்ட சமூகத்தின் உருவகம். தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட பறையின் மதிப்பையும் அவர் மீட்க முயன்றார்.

பாட்டைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து கவிஞர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நாட்டுப்புறப் பாட்டு பாடுவோரால் மாற்றத்தக்கது. தம் தேவைக்கேற்ப அவர்கள் அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்வர். அந்த உரிமையிலேயே விடுதலை தொடங்குகிறது என்பது அது. ஒருவகையில் இது சாஸ்திரியார் செய்ததன் தொடர்ச்சியே. ஏற்றப்பாட்டையும் கும்மியையும் அவரும் மக்களிடமிருந்தே எடுத்தார். மற்றொரு வகையில் இது சாஸ்திரியாருக்கு எழுதிய மறுமொழி. அவர் மெட்டுக்குத் திறந்த கதவை மாந்தர் அனைவர்க்கும் திறக்கவில்லை. அப்பாவு அதனைத் திறக்க முயன்றார்.

எஞ்சியவை

இன்று கைப்பேசி ஒன்றே பதிவு நிலையம். பாட்டு பிறந்த நாளிலேயே கடல் கடந்து உறவினரை அடைகிறது. ஆனால் 1980களின் ஒலிநாடாக்கள் பூஞ்சை படிந்தும், ஒட்டிக்கொண்டும், இயக்கக் கருவியின்றியும் அழிகின்றன. நாடாப் பெட்டியின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய இயலாது. அதனை உடைக்க மறந்த வீடுகளில் தாத்தாவின் கீர்த்தனைமேல் திரைப்பாடல் பதிவாயிற்று. உடைத்து வைத்த வீடுகளிலோ அந்நாடா இன்றும் அலமாரியில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

வாழ்த்து மடலையும் பழைய நோட்டுப் புத்தகத்தையும் ஒலிநாடாவையும் தேடிச் சேர்த்தல் இலக்கிய வட்டங்களுக்கு இயலாத பணியன்று. எழுதியவர் யார், எந்நாளுக்கு எழுதினார், எந்தப் பாட்டின் மெட்டு, எவ்வூரில் எவர் பாடினர் என்னும் நான்கு செய்திகளை ஒரு தாளில் குறித்து உடன் வைத்தாற் போதும். பந்தலில் எவர் அமர்ந்தனர், எவர் வெளியே நின்றனர் என்பதையும் நினைவுடைய முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அதனைக் கூறாத பாட்டு வரலாறு பாதி வரலாறே. சாஸ்திரியாரின் பாடல்களை அச்சேற்ற 1853இல் ஒருவர் முன்வந்தார். அவ்வாறு ஒருவர் முன்வராத பாடல்கள் வீடுதோறும் உள்ளன. அவற்றின் பல்லவியை அறிந்தோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்.