நன்றித் திருநாளின் பூசணிப் பை

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை ஐக்கிய அமெரிக்காவில் நன்றி செலுத்தும் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்றோரெல்லாம் அன்று பெற்றோர் இல்லம் திரும்புவர். வான்கோழி விருந்து நடைபெறும். விருந்தின் முடிவில் வட்டத் தட்டொன்றில் செம்மஞ்சள் நிறமான பண்டமொன்று வந்து சேரும். கோதுமை மாவினாலான மெல்லிய ஓட்டினுள்ளே, அவித்து மசித்த பூசணி, முட்டை, பால், சீனி ஆகியவற்றோடு கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு முதலிய வாசனைச் சரக்குகளையும் கலந்து வார்த்துப் போறணையில் வேகவைத்து எடுப்பது அது. ஆங்கிலத்தில் இத்தகைய பண்டத்துக்குப் 'பை' என்று பெயர். அச்சொல் தமிழ்க் காதுக்குத் துணிப்பையை நினைவூட்டக்கூடும். ஆயினும், உள்ளே ஒன்றை அடக்கி வைப்பது என்ற அளவில் பெயர் முற்றும் பொருந்தாததும் அன்று.

இப்பண்டம் 1621ஆம் ஆண்டிலேயே, முதற் குடியேறிகள் செவ்விந்தியரோடு கூடியிருந்து உண்ட விருந்திற் பரிமாறப்பட்டது என்று அந்நாட்டுச் சிறுவர் பலர் கேட்டு வளர்ந்தனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

பூசணி அமெரிக்க மண்ணுக்கே உரிய கொடி. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாகாணத்துக் குகையொன்றிற் கிடைத்த விதைகளை ஆராய்ந்த அறிஞர், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குள்ள மக்கள் பூசணியைப் பயிரிட்டனர் என்று கண்டனர். சோளமும் அவரையும் அங்கே பயிராவதற்கு முன்னரே பூசணி பயிராகிவிட்டது. பின்னர் மூன்றும் ஒரே நிலத்தில் விளைந்தன. சோளத் தண்டு அவரைக்குக் கொழுகொம்பாயிற்று. அவரை மண்ணுக்கு உரமூட்டிற்று. பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடிக் களையை அடக்கி ஈரத்தைக் காத்தது. இம்மூன்றையும் மூன்று சகோதரிகள் என்று வட அமெரிக்கப் பழங்குடியினர் அழைத்தனர். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே பூசணி ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் சென்றது. நீற்றுப் பூசணி ஆசியாவின் பழம் பயிர். யாழ்ப்பாணத்துக் கறிச் சட்டியில் வேகும் மஞ்சட் பூசணியோ அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

1621ஆம் ஆண்டு விருந்தைக் கண்டவர் எழுதிய சான்றுகள் இரண்டே உள. எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்று. வில்லியம் பிராட்போர்டு எழுதிய குடியேற்ற வரலாறு மற்றொன்று. 'மேபிளவர்' என்னும் கப்பலில் முந்திய ஆண்டின் இறுதியில் வந்து பிளிமத்தில் இறங்கியவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோர் அறுவடை முடிந்ததும் மூன்று நாள் விருந்து கொண்டாடினர். வாம்பனோவாக் குலத் தலைவர் மசசொயிட் சுமார் 90 வீரரோடு வந்து கலந்துகொண்டார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர் என்று வின்ஸ்லோ எழுதுகிறார். பறவை இறைச்சி உண்டு, மான் இறைச்சி உண்டு. பூசணியைப் பற்றி அவர் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பூசணி அவர்கள் உண்ட பொருள்தான். அவித்தோ சுட்டோ உண்டிருத்தல் கூடும். ஆயின் பை செய்யக் கோதுமை விளையவில்லை. பசுக்கள் பிளிமத்துக்கு வந்தது 1624இல். கோதுமை மாவும் வெண்ணெயும் பாலும் இல்லாத இடத்திற் பை எங்ஙனம் தோன்றும்?

அவ்விருந்துக்கு 'முதல் நன்றித் திருநாள்' என்ற பெயரும் அக்காலத்தது அன்று. வின்ஸ்லோவின் கடிதத்தை 1841இல் மறுபதிப்பிட்ட அலெக்சாண்டர் யங் என்பவர் அடிக்குறிப்பொன்றில் அவ்வாறு எழுதினார். இருநூற்றிருபது ஆண்டுகள் கழித்து எழுந்த ஓர் அடிக்குறிப்பு ஒரு நாட்டின் பாடப் புத்தகங்களையே ஆண்டுவிட்டது.

விருந்துக்குப் பின் நிகழ்ந்ததைப் பள்ளிக் கதை சொல்வதில்லை. மசசொயிட்டின் மகன் மெட்டாகொம் 1675இல் குடியேறிகளோடு போர் தொடுத்தார். 1676இல் அவர் கொல்லப்பட்டார். அவருடைய தலை அதே பிளிமத்திற் பல ஆண்டுகள் கம்பத்தில் நாட்டி வைக்கப்பட்டிருந்தது. பிடிபட்ட அவருடைய மக்களுட் பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். 1970இல், குடியேற்றத்தின் 350ஆவது ஆண்டு நிறைவு விழாவிற் பேச அழைக்கப்பட்ட வாம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்னும் வாம்பனோவாக் குலத்தவர் இச்செய்திகளை எடுத்துரைக்க முற்பட்டார். அவ்வுரைக்கு இடமளிக்கப்படவில்லை. அவ்வாண்டு முதல் நன்றித் திருநாளைப் பழங்குடியினர் சிலர் பிளிமத்துக் குன்றிற் கூடித் துக்க நாளாக அனுட்டிக்கின்றனர்.

இனிப் பையின் பிறப்புக்கு வருவோம். பூசணி அமெரிக்காவின் கொடை; மா ஓட்டினுட் பண்டத்தை அடைத்துச் சுடும் முறை ஐரோப்பாவின் பழக்கம். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் லா வரேன் 1651இல் வெளியிட்ட நூலில் பூசணியைப் பாலில் வேகவைத்துச் சீனி, வெண்ணெய், அரைத்த வாதுமைப் பருப்பு ஆகியவற்றோடு கலந்து மா ஓட்டிற் சுடும் முறை காணப்படுகிறது. 1653இல் அந்நூல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. 1670களில் ஹானா வூலியின் பெயரில் வெளிவந்த நூலோ பூசணியையும் அப்பிளையும் அடுக்கடுக்காக வைத்து நறுமண இலைகள் சேர்க்கச் சொல்கிறது. அமெரிக்காவிற் குடியேறியவர் பெரும்பாலும் பூசணியைத் துண்டமாக்கி நாள் முழுதும் அடுப்பிலிட்டுக் குழைய வேகவைத்து உண்டனர் என்று ஜோன் ஜொசலின் 1672இல் எழுதினார்.

இன்றைய பூசணிப் பையை ஒத்த முறை அச்சேறியது 1796இல். கனெக்டிகட் மாநிலத்து ஹாட்ஃபோட் நகரில் அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி 'அமெரிக்கச் சமையல்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதற் சமையல் நூல் அதுவே. நூலின் முகப்பில் அவர் தம்மை அமெரிக்க அநாதை என்றே அறிமுகம் செய்துகொண்டார். செல்வர் வீட்டுக்கு ஒரு முறை, எளியோர் வீட்டுக்கு ஒரு முறை என்று எண்ணத்தக்க வகையிற் பூசணிக்கு இரு முறைகள் தந்தார். முதலாவதில் ஒன்பது முட்டை, பாலேடு, சீனி, சாதிபத்திரி, சாதிக்காய், இஞ்சி; இரண்டாவதில் நான்கு முட்டை, பால், மொலாசிஸ் எனப்படும் கரும்புப் பாகு, இஞ்சி, ஜமெய்க்காவின் நறுமணக் காய். பெயர் 'புடிங்' என்றிருந்தாலும் இரண்டும் மா ஓட்டிற் சுடப்படுபவையே.

இச்சரக்குகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். வீட்டில் ஆக்கிய எளிய பண்டம் என்று போற்றப்படும் இதனுள்ளே கடல்கள் பல அடங்கிக் கிடக்கின்றன. சாதிக்காய் அந்நாளில் விளைந்தது பண்டாத் தீவுகளில் மட்டுமே. பிளிமத்தில் விருந்து நடந்த அதே 1621ஆம் ஆண்டில், ஒல்லாந்தக் கம்பெனியின் தலைவர் யான் பீற்றர்சூன் கூன் அத்தீவுகளைக் கைப்பற்றினார். தீவு மக்களுட் பெரும்பாலோர் வாளுக்கும் பசிக்கும் இரையாயினர். எஞ்சியோருட் பலர் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். அக்கூட்டத்துச் சிறு தீவாகிய ரன் மீது ஆங்கிலேயர் கொண்டிருந்த உரிமை 1667ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையால் ஒல்லாந்தருக்குச் சென்றது; ஒல்லாந்தரிடமிருந்து பறித்த மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. நியூயோர்க் நகரின் உரிமையிலும் சாதிக்காயின் மணம் வீசுகிறது! இஞ்சியின் ஆங்கிலப் பெயரோ தமிழின் 'இஞ்சி' என்ற சொல்லோடு உறவுடையது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. கறுவாவைப் பற்றி இலங்கையருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிம்மன்சின் நூல் அச்சான 1796இலேயே கொழும்பு ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதனோடு கறுவா வாணிகமும் மாறியது. ஆயினும் அவர் தம் பூசணி முறைகளிற் கறுவாவைச் சேர்க்கவில்லை. அது பையின் தலைமை மணமாக உயர்ந்தது பிற்காலத்திலே.

கரும்புப் பாகின் கதை இவையனைத்தினும் கசப்பானது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகள் உயிரைக் கொடுத்து வெட்டிய கரும்பின் சாற்றிலிருந்து சீனி ஐரோப்பாவுக்குச் சென்றது. எஞ்சிய பாகு பீப்பாய்களில் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வந்தது. மலிவான இனிப்பு அதுவே. கொல்செஸ்டர் என்னும் சிற்றூரின் மன்றம் 1705ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிற் கூடி நன்றித் திருநாளை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அன்றைய நிலைமை வசதியாக இல்லை என்று மட்டுமே ஊர்ப் பதிவேடு சொல்கிறது. பாகுக் கப்பல் வரத் தாமதித்தமையால் பை செய்ய வழியின்றிப் போயிற்று என்பது வழிவழி வந்த கதை. கதை மெய்யோ அன்றோ, அதனை மக்கள் நம்பினர் என்பதே பாகின் செல்வாக்கைக் காட்டப் போதும்.

இதிற் பெரியதொரு முரண் உண்டு. பூசணிப் பையைப் புகழின் உச்சிக்கு ஏற்றியவர்கள் அடிமை முறையை வெறுத்த எழுத்தாளர்களே. சாரா ஜொசீபா ஹேல் 1827இல் வெளியிட்ட 'நோர்த்வுட்' என்னும் நாவலில் நியூ இங்கிலாந்துத் திருநாள் விருந்தை விரித்துரைத்து, பூசணிப் பையை அவ்விருந்துக்கு இன்றியமையாததாக வைத்தார். லிடியா மரியா சைல்ட் 1829இல் சிக்கனக் குடும்பத் தலைவியருக்கென ஒரு நூல் எழுதினார். முட்டை கூடக் கூடப் பை சிறக்கும் என்பது அவர் துணிபு. வீடுதோறும் விற்ற அந்நூலின் விற்பனை, 1833இல் அவர் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதிய பின் பெரிதும் சரிந்தது. தம் வாழ்க்கைக்கு வருவாய் தந்த பேரை அறத்தின் பொருட்டு இழக்கத் துணிந்த அப்பெண்மணியைச் சமையல் வரலாறு மட்டும் பேசிவிட்டு நகர்தல் தகாது. அடிமை ஒழிப்புக் கவிஞர் விற்றியரும் பூசணியைப் பாடினார். இவர்களுட் பலர் வாழ்ந்த பிரதேசத்திற் பை இனித்தது அடிமைகள் விளைத்த பாகினால். அதனை உணர்ந்து அடிமை உழைப்பின் விளைபொருளைத் தொடுவதில்லை என்று நோன்பு பூண்ட குவேக்கர் முதலியோரும் இருந்தனர். அவர் தொகை சிறிது.

ஹேல் அம்மையார் பெண்கள் சஞ்சிகையொன்றின் ஆசிரியையாக இருந்து, 1846 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் திருநாள் கொண்டாட வேண்டுமென ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதி வந்தார். தென்மாநிலங்களில் இது வடவர் புகுத்தும் விழா என்ற ஐயம் எழுந்தது. வர்ஜீனியாவின் ஆளுநர் ஹென்றி வைஸ் வெளிப்படையாகவே மறுத்தார். உள்நாட்டுப் போர் மூண்டு, கெற்றிஸ்பேர்க் களத்திற் குருதி காய்ந்த சில மாதங்களில், 1863ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் இறுதி வியாழனைத் திருநாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டம் வரையறுத்தது 1941இல். விழா தெற்கே பரவிய பின்னும் பூசணி அங்கே முழு வெற்றி பெறவில்லை. வெப்ப மண்ணிற் செழித்த வற்றாளங் கிழங்கினால் ஆன பையே தெற்கிலும், சிறப்பாகக் கறுப்பின மக்கள் இல்லங்களிலும், திருநாட் பண்டமாக நிலைத்தது, இன்றும் அவ்வாறே.

இருபதாம் நூற்றாண்டிற் பூசணி தகரப் பேணிக்குள் புகுந்தது. இலினோய் மாநிலத்து மோர்ட்டன் நகரின் பேணித் தொழிற்சாலையை லிபி நிறுவனம் 1929இல் வாங்கியது. 1950 முதல் பேணியின் மேலேயே செய்முறை அச்சிடப்பட்டது. பாட்டி கற்பித்த முறை என்று பலர் பெருமையோடு கூறுவது உண்மையிற் பேணி கற்பித்த முறையே! ஒரு பேணிப் பூசணிக் கூழ் 425 கிராம், முட்டை 2, நீர் வற்றச் செய்த பால் 354 மில்லிலீற்றர், சீனி முக்காற் கோப்பை, கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சித் தூளும் உப்பும் அரை அரைத் தேக்கரண்டி, கராம்புத் தூள் காற் தேக்கரண்டி. ஓட்டுக்குக் குளிர்ந்த வெண்ணெயை மாவிற் சிறு துணுக்குகளாகக் கலந்து, குளிர்நீர் சிறிது தெளித்து, அதிகம் பிசையாமல் விரித்தல் வேண்டும். அத்துணுக்குகள் சூட்டில் உருகி ஆவி எழுப்புவதாலேயே ஓடு ஏடு ஏடாகப் பிரியும். 220 பாகை செல்சியசிற் கால்மணி நேரமும், பின்னர் 175 பாகையில் 40 முதல் 50 நிமிடமும் சுடுவர். ஓரம் இறுகி நடு சற்றே அசையும் நிலையில் எடுப்பது நன்று, மிகுந்து வெந்தால் முட்டை சுருங்கி மேற்புறம் வெடிக்கும், நீரும் கசியும். சுட்டபின் இரண்டு மணி நேரம் ஆறவிட்டே வெட்டுவர்.

பேணியை விடுத்துப் புதுப் பூசணியிற் செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விளக்குச் செய்யக் குடையும் செம்மஞ்சட் பூசணி நீர்த்தன்மையும் நாரும் மிக்கது, பைக்கு ஆகாது. மோர்ட்டன் பேணியில் அடைபடுவது டிக்கின்சன் என்னும் வெளிறிய தோலுடைய வகை. தாவரவியலார் கணக்கில் அது அந்த விளக்குப் பூசணிக்கு உறவேயன்றி அதே இனமன்று; யாழ்ப்பாணத்துச் சந்தையிற் கீறி விற்கும் கறிப் பூசணிக்கும் அது உறவே. அமெரிக்கக் கடைகளிற் கறுவா என்று விற்பதும் பெரும்பாலும் கசியா என்னும் வேறொரு மரத்தின் பட்டை. ஆகவே இலங்கையில் ஒருவர் சந்தைப் பூசணியை நீரின்றி ஆவியில் அவித்து, துணியில் வடித்து, இந்நாட்டுக் கறுவாவை இடித்துச் சேர்த்துப் பை சுடுவாராயின், பூசணி மோர்ட்டனின் பூசணிக்கு உறவாக அமையும். கறுவா மட்டும் சற்று மென்மையாக மணக்கும்.