திபேத்திய எழுத்தும் காஞ்சியின் நூலும்

பிறமொழி எழுத்தைக் கற்பதனால் நமக்கு ஆவது யாது என்று நம்மவரிற் பலர் வினவுவர். அவ்வினாவிற்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுவேன்.

பிரிக்பீல்ட்ஸில் 1894-ஆம் ஆண்டு சிங்கள பெளத்தர் நிறுவிய மகாவிகாரைக்குச் சென்ற விசாக நாளில், அன்பர் ஒருவர் தம்மிடமிருந்த துணிக்கொடி ஒன்றைக் காட்டினார். அதன் எழுத்துக்கள் கொடிக் கயிற்றிலிருந்து தொங்குவனபோற் காணப்பட்டன. அவை திபேத்திய எழுத்துக்கள் என்றார். அன்று முதல் அவற்றைக் கற்கத் தொடங்கினேன்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் திபேத்தை ஆண்ட சொங்சென் கம்போ என்னும் வேந்தன், தோன்மி சம்போட்டர் என்னும் அமைச்சரை இந்தியாவிற்கு அனுப்பி, எழுத்தை வகுத்துவரச் செய்தான் என்பது அந்நாட்டு மரபு. இக்கதை பிற்காலத்து நூல்களிலேயே விரிவாகக் காணப்படுதலின், ஆராய்ச்சியாளர் இதனை அப்படியே ஏற்பதில்லை. எனினும், 655-ஆம் ஆண்டில் சட்டங்கள் எழுதப்பெற்றன என்று திபேத்தின் பழைய ஆண்டுக் குறிப்பு கூறுகின்றது. ஆகவே அந்நூற்றாண்டில் எழுத்து வழக்கிலிருந்தது தெளிவு.

அவ்வெழுத்து வடஇந்தியக் குப்தர் கால எழுத்தினின்று பிறந்தது. அதன் மூலமோ பிராமி. நம் தமிழெழுத்தும் பிராமியின் தென்கிளையே. எனவே இரண்டும் ஒரு குலத்தன. நம் 'க' போலவே திபேத்திய எழுத்து முப்பதும் அகரம் ஏறி நிற்பன. ஏனைய உயிர்களுக்கு நான்கே குறிகள். நம் முன்னோர் ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்குத் தனி வடிவம் கண்டதுபோல, அவர்களும் தம் நாவிற்கு வேண்டாதனவற்றை விடுத்து, வேண்டும் எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டனர். கடன் வாங்கியும் அடிமையாகாத அறிவு இது!

கற்பவர்க்கு இடர் ஒன்றுண்டு. எட்டு என்னும் எண்ணை 'ப்ர்க்யத்' என எழுதி, இலாசா நகரத்தார் 'கியே' என்பர். பேச்சு மாறியும் எழுத்து மாறவில்லை. அதனாலன்றோ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஏடும் இன்று கற்பவனுக்கு விளங்குகின்றது!

இனி, இதனால் தமிழர்க்கு என்ன என்பதைக் காண்போம். காஞ்சியின் அருகே பிறந்தவர் எனத் திபேத்திய வரலாற்றாசிரியர் கூறும் திக்நாகர், தருக்க நூற்பேராசிரியர். நாம் காணும் பொருள் வெளியே உள்ளதா, அறிவினுள்ளே தோன்றும் வடிவா என்று ஆராய அவர் இயற்றிய 'ஆலம்பன பரீட்சை' என்னும் சிறு நூலின் வடமொழி மூலம் மறைந்தொழிந்தது. அதற்குக் காஞ்சியில் தோன்றிய தருமபாலர் எழுதிய உரையும் அவ்வாறே ஆயிற்று. மூலநூலைத் திபேத்தியரும் சீனரும் மொழிபெயர்த்து வைத்திருந்தனர். உரையோ சீனத்தில் மட்டும் எஞ்சியது. அதனை மொழிபெயர்த்தவர் இட்சிங் என்னும் துறவி. தம் இந்தியப் பயணத்தில் நம் கடாரத்துறை வழியே கப்பலேறிச் சென்றவர்!

தென்னாட்டுப் புலவர் என். ஐயாசுவாமி சாஸ்திரியார் அவ்விரு மொழிகளையும் கற்று, நூலையும் உரையையும் வடமொழியில் மீட்டமைத்தார். 1942-ஆம் ஆண்டு சென்னை அடையாறு நூலகம் அதனை வெளியிட்டது. காஞ்சியார் கருத்து இமயத்தையும் சீனத்தையும் சுற்றி மீண்டும் வீடு வந்தது. நாமோ பெளத்த காப்பியமாகிய குண்டலகேசியைச் சில பாட்டுக்களளவில் வைத்திருக்கின்றோம்.

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆங்கில வழியிற் பயின்ற தோட்டத்துக் கிராணி யான். தோட்டத்து வீட்டைக் காலிசெய்து கிள்ளானுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், என் பாட்டியார் கும்மிப் பாட்டுக்களை எழுதிவைத்திருந்த குறிப்பேட்டை, அந்தப் பழங்கையெழுத்தைப் படிக்கச் சோம்பி, பழைய தாள் வாங்குபவனிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். திபேத்தியர் அயலான் நூலை ஆயிரம் ஆண்டு காத்தனர். யான் என் பாட்டியின் ஏட்டை ஒரு மழைக்காலம் காக்கவில்லை. அதனை மொழிபெயர்த்து வைத்தவர் எந்நாட்டிலும் இல்லை.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் அத்தகைய ஏடு ஒன்று இருப்பின், இன்றே படியெடுங்கள். படிக்கத் தெரியாவிடின், அதற்காகவேனும் தமிழெழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.