ஒயின் வியாபாரி வீட்டு மைக்ராஸ்கோப்

லிஸ்டரின் பாட்டில் எல்லாருக்கும் தெரியும். வாயில் ஊற்றிக் கொப்பளித்தால் கண்ணில் தண்ணி வருமே, அதுதான். 1879-ல் அமெரிக்காவில் அதை உருவாக்கியவர்கள், இங்கிலாந்தில் இருந்த ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜனின் மேல் இருந்த மரியாதையில் அந்தப் பேரை வைத்தார்கள். மற்றபடி அவருக்கும் அந்த பாட்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் காலத்து சிவப்பு லைஃப்பாய் சோப்பின் வாசனை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அவர் இன்னும் கொஞ்சம் நெருக்கம். அது கார்பாலிக் வாசனை. அந்த கார்பாலிக் ஆசிடை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் ஜெயித்துக் காட்டியவர் இவர்தான்.

ஆனா இந்தப் பதிவு அவரைப் பத்தி மட்டும் இல்ல. அவங்க அப்பாவைப் பத்தியும், அந்தக் குடும்பத்தைப் பத்தியும். ஜோசப் லிஸ்டர்னா ஏதோ ஒரு நாள் திடீர்னு கிருமியைக் கண்டுபிடிச்ச ஜீனியஸ் மாதிரி கதை சொல்றாங்க. எனக்கு அது பாதிக் கதைன்னுதான் தோணுது.

அப்பா பேர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், பிறந்தது 1786. லண்டனில் பரம்பரை ஒயின் வியாபாரம். (நம்ம ஊர் ஒயின் ஷாப்பை மனசுல வெச்சுக்காதீங்க, இவங்க மொத்த வியாபாரிகள் :-) ) பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வந்தவர். அவர்கள் குவேக்கர்கள், அதாவது இங்கிலாந்து திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவு. அந்தத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போடாமல் அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் கிடைக்காது. அரசாங்கப் பதவிகளுக்கும் இதே மாதிரி தடைகள். மிச்சம் இருந்தது வியாபாரம். பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளும் கேட்பரி, ஃப்ரை சாக்லேட்டுகளும் குவேக்கர் குடும்பங்களிலிருந்து வந்தது தற்செயல் இல்லை.

ஜோசப் ஜாக்சனுக்குக் கடை நேரம் போக லென்ஸ் பைத்தியம். நம்ம பாஷையில் சொன்னா சைட் ப்ராஜெக்ட். அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் ரெண்டு பெரிய பக் இருந்துச்சு. ஒன்று, வெவ்வேறு நிறம் வெவ்வேறு இடத்தில் குவியும், அதனால் பார்க்கிற பொருளைச் சுற்றி வானவில் மாதிரி விளிம்பு தெரியும். இன்னொன்று, லென்ஸின் ஓரத்தில் வரும் ஒளியும் நடுவில் வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராது, பிம்பம் கலங்கிவிடும். முதல் பிரச்சினைக்கு இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டி ஒரு தீர்வு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இரண்டாவது பிரச்சினை பெரிதாகிக்கொண்டே போனது.

லிஸ்டர் கணக்குப் போட்டார். லென்ஸ்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், ஒன்றின் பிழையை இன்னொன்று கூட்டாமல் இருக்கும் என்று காட்டினார். 1830-ல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதுவரை கைராசியை நம்பிச் செய்த வேலை, அதுக்கப்புறம் கணக்குப்படி செய்கிற வேலையாச்சு. 1832-ல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். கல்லூரி வாசலை மிதிக்காத ஒயின் வியாபாரி!

அதுக்கு முன்னாடியே 1827-ல் இன்னொரு வேலை செய்திருந்தார். தாமஸ் ஹாட்ஜ்கின் (ஹாட்ஜ்கின் நோய் என்கிறோமே, அதே ஆள்தான், அவரும் குவேக்கர்) என்ற டாக்டரோடு சேர்ந்து ரத்தத்தைப் பார்த்தார். சிவப்பணுக்கள் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் குழிந்த தட்டு என்று இருவரும் எழுதினார்கள். உடம்பில் எல்லாத் திசுவும் உருண்டைகளால் ஆனது என்ற அன்றைய நம்பிக்கை, பழைய லென்ஸ் காட்டிய மாயை என்பதும் தெரிந்தது. கருவி தப்பா இருந்தா தியரியும் தப்பாத்தான் வரும்.

அதே 1827 ஏப்ரலில்தான் மகன் ஜோசப் பிறக்கிறான். மைக்ராஸ்கோப் வீட்டுச் சாமானாக இருந்த வீட்டில் வளர்ந்த பையன். படிக்கப் போனது, மதம் கேட்காத லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். 1857, 58-ல் தவளைக் காலின் மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்து, காயம் பட்டால் ரத்தக் குழாய்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்து எழுதினார்.

1860-ல் கிளாஸ்கோவுக்குப் பேராசிரியராகப் போகிறார். அங்கே ஆபரேஷன் நல்லா முடியும், நோயாளி சீழ் பிடித்துச் சாவார். காற்றில் இருக்கும் கெட்ட வாடைதான் காரணம் என்பது அன்றைய பொதுக் கருத்து. 1865-ல் தாமஸ் ஆண்டர்சன் என்ற வேதியியல் பேராசிரியர், பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படிக்கச் சொன்னார். பொருட்கள் புளிப்பதும் அழுகுவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் என்றார் பாஸ்டர். மற்ற சர்ஜன்களுக்கு அது வெறும் பேச்சு. சின்ன வயசிலிருந்து மைக்ராஸ்கோப்போடு பழகிய லிஸ்டருக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்திருக்காது.

கார்லைல் நகரத்துச் சாக்கடையில் நாற்றம் போக கார்பாலிக் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையே எடுத்துக்கொண்டார். 1865 ஆகஸ்ட் 12. வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு உடைந்து, தோலும் கிழிந்த 11 வயசுப் பையன் ஜேம்ஸ் கிரீன்லீஸ். அன்றைக்கு இப்படி வந்தால் காலை எடுப்பதுதான் வழக்கம். லிஸ்டர் கார்பாலிக்கில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். நாலு நாள் கழித்துப் பிரித்தால் சீழ் இல்லை. ஆறு வாரத்தில் பையன் நடந்து வீட்டுக்குப் போனான்.

1867-ல் லான்செட்டில் எழுதினார். பிறகு அவரே கொடுத்த கணக்கு: முன்பு 35 கை, கால் வெட்டும் ஆபரேஷன்களில் 16 சாவு. புதிய முறை வந்தபின் 40-ல் 6. அப்பா 1869-ல் இறந்தார். மகனின் கட்டுரைகள் வெளிவந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

குடும்பம் அதோடு நிற்கவில்லை. ஒயின் வியாபாரியாக இருந்த தம்பி ஆர்தர், மக்கிய மரக்கட்டையில் படரும் ஸ்லைம் மோல்டுகளைப் பற்றி 1894-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதைப் பின்னால் திருத்தி விரிவாக்கியவர் அவர் மகள் குலியல்மா. 1904-ல் லின்னியன் சொசைட்டி முதல்முறையாகப் பெண்களைச் சேர்த்தபோது தேர்வானவர்களில் அவரும் ஒருவர். ஜோசப்பின் அக்கா மகன் ரிக்மன் காட்லீ, 1884 நவம்பரில் ஒருவரின் மூளையிலிருந்து கட்டியை எடுத்தார். ஆனால் சில வாரங்களில் அந்த நோயாளி கிருமித் தொற்றில்தான் இறந்தார். மாமாவின் போர் முடியவில்லை என்று காட்டிய சாவு.

சரி, இதிலிருந்து என்ன தெரியுது? "கதவைச் சாத்தினாங்க, அதனால ஜெயிச்சாங்க, தடையெல்லாம் நல்லதுக்குத்தான்"னு சிலர் முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. லிஸ்டர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் மூடியிருந்தது, கல்லாப்பெட்டி திறந்திருந்தது. லென்ஸ் தேய்க்க நேரம், மகனை வருஷக்கணக்காகப் படிக்க வைக்கக் காசு, அறிவியல் பேசக் குவேக்கர் நண்பர்கள் எல்லாம் இருந்தன. அதே கதவு சாத்தப்பட்ட, ஆனால் காசில்லாத எத்தனையோ பேரைப் பற்றி எழுத நமக்குப் பேர்கூடத் தெரியாது. தடை யாரையும் உருவாக்கவில்லை. தடையைத் தாண்ட ஏணி வைத்திருந்தவர்கள் தாண்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏணியில் ஒரு படி, கணக்கு எழுதி முடித்த கையால் லென்ஸ் தேய்த்த ஒரு ஒயின் வியாபாரி. லிஸ்டர் என்றால் மகன் ஞாபகம் வருவது நியாயம். அப்பாவையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நியாயம்.