ஒரு திருமுழுக்கும் ஒரு சுவரும்

தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் 1745-ஆம் ஆண்டை நாம் இரு காரணங்களுக்காக நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வாண்டு மே 14-ஆம் நாள், நெல்லைச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரசுப் பணியாளர் நீலகண்டபிள்ளை, இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டார். அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், புதுச்சேரி ஆலயத்தினுள் மக்களைப் பிரித்து நின்ற சுவரொன்று இடிக்கப்பட்டது. முன்னதை நாம் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். பின்னதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அச்சுவரைப் பற்றி நமக்கு எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். புகழ்பெற்ற நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆலயத்தின் வடபுறத்தில் சேரி மக்களைப் பிறரினின்று ஒதுக்கும் சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் கண்டு மனம் பொறாது, மூத்த குருவிடம் முறையிடுமாறு அம்மக்களை ஊக்கினார். அவர்களும் திரண்டு சென்று, ஒரே இறைவனின் மக்களாகிய தங்களுக்குள் இந்த வேற்றுமை ஏன் என்று நியாயம் கேட்டனர். கேள்வியின் நேர்மையை உணர்ந்த குரு, சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்களோ கொதித்தெழுந்தனர். ஒரே நற்கருணையை உண்டவர்களின் இந்தச் சினத்தைத்தான் வேற்றுச் சமயத்தவர் ஒருவர் வெளியிலிருந்து கவனித்துக் குறித்து வைத்தார்.

இடிந்த சுவர் வேறோர் ஊரில் வேறு வடிவில் எழுந்தது. அதுவும் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில்! 1872-இல் அங்கு எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று. அதை நோக்கிய கூடங்கள் இரண்டு. ஒன்றில் நாடார், மற்றொன்றில் வேளாளரும் முதலியாரும். இரு சாராருக்கும் ஒருவரையொருவர் காணாமலே ஆண்டவரைக் காண வழி செய்யப்பட்டிருந்தது. 1910-இல் அப்பிரிவினை அகற்றப்பட்டபோது, தனித்து வழிபடுவது தங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. மறையுரையால் ஆகாததை நீதிபதிகள் சொல்ல நேர்ந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

இந்நோய் திருச்சபைக்குப் புதிதன்று. அந்தியோக்கியாவில் பிற இனத்தாருடன் பந்தியில் அமர்ந்து உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அடிகளார் அதை வெளிவேடம் என்று அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் இதைக் காணலாம். அங்கே பேதுரு போதித்த கொள்கையில் பிழை இருக்கவில்லை. எவரோடு அமர்ந்து உண்டார், எவரைக் கண்டு எழுந்தார் என்பதில்தான் பிழை இருந்தது.

இதனோடு தேவசகாயத்தின் வாழ்வை ஒப்பிட்டுப் பார்ப்போம். திருமுழுக்குக்குப் பின் அவர் சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார். தளைகளையும் துன்பங்களையும் ஏற்று, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. ஒருவர் பீடத்தில் ஏறுமுன் அது உதிர வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல் உருவானது. சென்னைக்குத் துணைநகராக வளர்ந்த மறைமலைநகர் போன்ற ஊர்களில், பல மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோர் ஞாயிறு திருப்பலியில் அருகருகே அமர்கிறோம். நடுவே சுவர் இல்லை. ஆனால் திங்களன்று வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம், “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோமா இல்லையா? மணமகள் தேவை விளம்பரங்களில் ‘ஆர்.சி.’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் சொல் எது? இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டுத் திருச்சபையினுள் நிலவும் சாதியைக் கண்டித்தது. அறிக்கை நம் வாசற்படி வரை வரும்; உள்ளே அழைப்பது நம் பொறுப்பு.

புதுச்சேரியில் ஒரு குருவின் ஆணை போதுமானதாயிருந்தது. வடக்கன்குளத்திற்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது. வீட்டு வாசலிலும் சம்பந்தம் பேசும் கூடத்திலும் நிற்கும் சுவரைக் குருவும் நீதிபதியும் வந்து இடிக்க இயலாது. வீட்டுக்குரியவர்களே இடிக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம் என்பதை, அன்று ஆனந்தரங்கர் பார்த்ததுபோல், இன்று நம் அடுத்த வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.