ஓர் உறையில் இரு வாள்கள்

ஓர் உறைக்குள் இரு வாள்கள் அடங்கா என்பர் நம் முன்னோர். அடக்கிக் காட்டலாம் என்று துணிந்தவர், இங்கிலாந்தின் மக்லாறன் மோட்டார்ப் பந்தயக் குழுவின் தலைவராயிருந்த ரொன் டெனிஸ். 1985இலும் 1986இலும் உலகப் பட்டம் வென்ற பிரெஞ்சுக்காரர் அலன் புரொஸ்ட் தம்மிடம் இருக்கையிலேயே, 1988ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கெனப் பிரேசில் நாட்டு இளைஞர் அயர்ட்டன் சென்னாவையும் சேர்த்துக்கொண்டார். முதல்வர், துணைவர் என்ற ஏற்றத்தாழ்வு வைக்கவில்லை. இருவருக்கும் ஒரே வகைக் கார். ஒரே ஹொண்டா எந்திரம்.

அவ்வாண்டில் நடந்த 16 பந்தயங்களில் 15ஐ அக்குழுவே வென்றது. சென்னாவுக்கு 8, புரொஸ்டுக்கு 7. புள்ளிகளை முழுமையாகக் கூட்டினால் புரொஸ்ட் 105, சென்னா 94. ஆயினும் சிறந்த 11 பெறுபேறுகளையே கணிக்க வேண்டும் என்பது அக்கால விதியாதலால், 90க்கு 87 என்ற கணக்கிற் பட்டம் சென்னாவுக்குப் போயிற்று.

பகை முற்றியது 1989 ஏப்ரலில், இத்தாலியின் இமோலாவிலே. முதல் வளைவை யார் முந்தி அடைகிறாரோ அவரை மற்றவர் அவ்விடத்தில் எதிர்ப்பதில்லை என்று இருவரும் வாய்மொழியாக உடன்பட்டிருந்தனர். முதற் புறப்பாட்டிற் சென்னா முந்தினார்; புரொஸ்ட் வழிவிட்டார். சில சுற்றுகளில் பெராரிக் குழுவின் கெர்ஹார்ட் பெர்கரின் கார் சுவரில் மோதித் தீப்பற்றவே, பந்தயம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கிற்று. இம்முறை முந்தியவர் புரொஸ்ட். சென்னாவோ வளைவிலே அவரைக் கடந்து சென்று வெற்றியும் பெற்றார்.

வாக்கு மீறப்பட்டது என்றார் புரொஸ்ட். ஒப்பந்தத்துக்குச் சென்னா கொண்ட பொருள் வேறு. எழுதி வைக்காத உடன்படிக்கைக்கு நடுவர் ஏது? வேல்ஸ் நாட்டிற் பரீட்சார்த்த ஓட்டம் நடந்தபோது டெனிஸ் இருவரையும் அழைத்துப் பேசி, சென்னாவை மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த அறைக்குள் நடந்ததைப் புரொஸ்ட் பிரெஞ்சுப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அதன்பின் சென்னா அவரோடு பேசுவதையே நிறுத்தினார். என் மதிப்பீட்டில், சமாதானத்தை முறித்தது இமோலா வளைவன்று. இந்தப் பத்திரிகைச் செய்தியே.

ஹொண்டா பொறியியலாளர் சென்னாவுக்கே நல்ல எந்திரங்களைக் கொடுக்கின்றனர் என்ற ஐயமும் புரொஸ்டுக்கு வளர்ந்தது. கெட்டிக்கார மாணவர் இருவரை ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பித்தவர்களுக்கு இது புதிதன்று: ஐயம் புகுந்தபின் விடைத்தாளையே எடுத்துக் காட்டினாலும் மனம் ஆறாது.

ஒக்டோபரில் யப்பானின் சுசுக்காவில் இருவர் கார்களும் மோதிக்கொண்டன. புரொஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா மீண்டும் ஓடி முதலாவதாக வந்தும், ஓடுபாதைக்குத் திரும்பிய முறை தவறென்று விலக்கப்பட்டார். பட்டம் புரொஸ்டுக்கு உறுதியாயிற்று. அத்தீர்ப்பை எதிர்த்து மக்லாறன் குழுவே மேன்முறையீடு செய்தது, தன் ஓட்டுநர் ஒருவரின் பட்டம் பறிபோகக்கூடும் என்று தெரிந்தும்! முறையீடு தள்ளப்பட்டது.

1990இற் புரொஸ்ட் பெராரிக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர், இமோலாவிலே தீயிலிருந்து மீட்கப்பட்ட அதே பெர்கர். அவரும் சென்னாவும் நெருங்கிய நண்பராயினர்.